எழுப்பாமல் விட்ட காமன்

உடம்பு வேறு, அசைவு வேறு. ஒவ்வொரு வருடமும் புது மாணவர்களுக்கு றுஷாந்தன் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். சொல்லிவிட்டு, சென்சர் தைத்த கறுப்புப் பட்டிகளை யாராவது ஒரு மாணவனின் தோளிலும் முழங்கையிலும் இடுப்பிலும் முழங்காலிலும் கட்டி நடக்கச் சொல்வான். திரையில் சதையும் முகமும் இல்லாத ஓர் எலும்புக்கூடு அதே நடையை நடக்கும். வகுப்பு ஒருதடவை வாயைப் பிளக்கும். பிறகு எல்லோருக்கும் அந்தப் பட்டிகள் வேண்டும்.

பதுளைக்கு மேலே, மலையை வெட்டிக் கட்டிய அந்தப் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலைப் பிரிவுக்கு அப்படி ஒரு சென்சர் உடுப்புத்தான் இருந்தது. நடனம் படிக்கிறவர்கள், சித்திரம் படிக்கிறவர்கள், அனிமேஷன் படிக்கிறவர்கள் எல்லோரும் அதற்காகத்தான் காத்துக்கிடந்தார்கள். மதுஷா, பத்திக் சீலைக்கு மெழுகு இழுக்கும் தன் அம்மாவின் கையைப் பதிந்துகொண்டு வந்தாள். ஷிப்னா, தேயிலைத் தோட்டங்களில் மாசியில் ஆடும் காமன் கூத்தைப் பதிந்தாள்.

ஷிப்னா பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் மொஹிதீனின் மகள். மாசி மாதத்தில் ஸ்பிரிங்வெளித் தோட்டப் பக்கத்திலிருந்து காற்று திரும்பினால் தப்புப் பறைச் சத்தம் அவர்கள் வீட்டு மாடி வரை கேட்குமாம். தினமும் அவளைக் கம்பஸ் வாசலில் இறக்கிவிடும் ஓட்டோக்காரன் ரஜீவ்தான் தோட்டத்துக் கூத்தில் ரதி வேஷம் கட்டுகிறவன் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் அவனை விடவில்லை. அவனும் மறுக்கவில்லை. பட்டி கட்டிக்கொண்டு ஆடுவது அவனுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

கலியாணம், சிவன் காமனை எரிப்பது, மூன்றாம் நாள் எழுப்புவது என்று கூத்து முழுவதையும் பதியவேண்டும் என்றுதான் ஷிப்னா திட்டம் கொண்டுவந்தாள். றுஷாந்தன்தான் குறுக்கினான்.

"பிரிவுக் கண்காட்சியில கொஞ்ச நேரம்தான் தருவாங்க. எரிக்கிற இடம் போதும். ரதி அழுற இடம்."

ஏன் அந்த இடம் என்று ஷிப்னா கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவனுக்கு முப்பத்திரண்டு வயது. மனைவி ஷிரோமி டெங்குக் காய்ச்சலில் இறந்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. அடக்கம் முடிந்து அடுத்த கிழமையே அவன் வகுப்புக்கு வந்துவிட்டான். மனத்திடம் உள்ளவன் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இங்கும் இருக்க முடியவில்லை. ஆய்வுகூடத்தில் கேபிளைச் சுருட்டுவான், அவிழ்ப்பான், திரும்பவும் சுருட்டுவான். கை சும்மா கிடக்காது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை, ரஜீவ் நனைந்த சட்டையோடு ஆய்வுகூடத்துக்குள் வந்து நின்றான். கண்காட்சிக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. திரையில் அவனுடைய அசைவைப் போட்டுவைத்து ஷிப்னா வேலை செய்துகொண்டிருந்தாள். எலும்புக்கூடு ஒன்று மார்பில் அடித்துக்கொண்டு முழங்காலில் விழுந்தது.

"தங்கச்சி, அத நிப்பாட்டுங்க" என்றான் ரஜீவ். பிறகு றுஷாந்தனிடம் திரும்பினான். "சேர், அந்தப் பைல அழிச்சிருங்க."

"என்ன நடந்திச்சு ரஜீவ்?"

"எம் பொண்டாட்டி ஜீவராணி கோவிச்சுக்கிட்டுத் தோட்டத்து மேல் டிவிசனுக்கு ஏறிட்டா சேர். அவ அம்மா லயத்துக்கு. ஏழு மாசம். பிரஷர் வேற. தலவலி கண்டா அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரணும், ரோட்டுப் பக்கமாவே இருன்னு கிளினிக்ல நர்ஸ் மிஸ்ஸி படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. இப்ப மேல ரோட்டு சரிஞ்சு கெடக்கு. ஓட்டோ பாதி தூரந்தான் போகும். மீதி நடதான்."

"சண்ட போட்டீங்களா?"

"சண்ட போட்டாக்கூடப் பரவால்லியே. என் பையில அறுந்து கெடந்த அந்த மஞ்சக் கயித்தப் பாத்துட்டா."

றுஷாந்தனுக்குக் கயிறு ஞாபகம் இருந்தது. வெறும் கையை வீசி அறுப்பதுபோல் நடித்தால் அசைவு பொய்யாகத் தெரிகிறது, உண்மையானதைக் கொண்டுவாருங்கள் என்று சொன்னது அவன்தான். கூத்துக்குக் கட்டும் தாலியையே ரஜீவ் கொண்டுவந்தான். மஞ்சள் துண்டு கோத்த கயிறு. அதை அறுத்து ஆய்வுகூடத் தரையில் வீசினான். ஷிப்னா கைதட்டினாள். றுஷாந்தன் வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தான்.

"மாசியில எரிச்சம்னா மூணாம் நாள் எழுப்பிருவோம் சேர். எழுப்பி, அந்தக் கயித்த மறுபடி கட்டுவோம். இங்க எரிச்சமா, ஓட்டோவ எடுத்தமா, வீட்டுக்குப் போயிட்டேன். ஜீவராணி அதத்தான் புடிச்சுக்கிட்டா. நானும் சொன்னேன், கம்பம் நடல, காப்புக் கட்டல, ஏசி ரூமுக்குள்ள வயரக் கட்டிக்கிட்டு ஆடுனதெல்லாம் கூத்தாடின்னு. போன்ல இங்க எடுத்த வீடியோவத் திருப்பிப் போட்டா. 'அப்ப ஏன் நெசமா அழுதே'ன்னு கேட்டா." ரஜீவ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "என்னத்தச் சொல்ல? நெசமாத்தானே அழுதேன்."

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"மொதப் புள்ள தங்கல சேர். அந்தப் பயம் அவளுக்கு. தாலி அறுந்த வீட்டுல புள்ள பெத்துக்க மாட்டேங்கிறா."

"இப்பவே அழிச்சிரலாம் அண்ணே" என்றாள் ஷிப்னா. அவளுடைய இறுதி ஆண்டுப் புள்ளி முழுவதும் அந்தப் பைலில் இருந்தது. விரல் மட்டும் விசைப்பலகைக்கு மேலேயே நின்றது. "அக்காகிட்ட ஒருக்காச் சொல்லிட்டு அழிப்போமே."

ரஜீவ் போனை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினான். நீண்ட நேரம் அடித்த பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"என்ன?"

"சேர் அழிச்சிர்றேன்னு சொல்றாரு. இருந்த எடமே தெரியாது. நீ எறங்கி வா."

"அழிக்கப் போறாங்களா? எரிச்சது பத்தலியாமா? சாம்பலையும் கூட்டி அள்ளப் போறாங்களா?"

"அது இல்ல புள்ள..."

"அழிச்சா அவன எப்பிடி எழுப்புறது? எந்தப் பொட்டிக்குள்ள எரிச்சாங்களோ அந்தப் பொட்டிக்குள்ளயே எழுப்பச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் எறங்க மாட்டேன். தலவலி வந்தாலும் எறங்க மாட்டேன்."

சிக்னல் அறுந்தது. ரஜீவ் போனைப் பார்த்துக்கொண்டே நின்றான். றுஷாந்தன் கையில் இருந்த கேபிளை மேசையில் வைத்தான்.

"ஞாயித்துக்கிழம போய் எழுப்புவோம்" என்றான்.

ஓட்டோ பாதி மலை ஏறியது. அதற்கு மேல் மண் சரிந்து, ரோட்டின் குறுக்கே ஒரு சவுக்கு மரம் வேரோடு கிடந்தது. உடுப்புப் பெட்டியை ரஜீவ் தலையில் வைத்துக்கொண்டான். லப்டொப்பை ஷிப்னா நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். றுஷாந்தன் வெறுங்கையோடு நடந்தான். வெறுங்கை அவனுக்குத் தொந்தரவாக இருந்தது. போகிற வழியெல்லாம் தேயிலை இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டான்.

"சேர், கொழுந்த விட்டுட்டு முத்தலக் கிள்ளுறீங்க" என்றான் ரஜீவ். "கங்காணி பாத்தா பேர் போட மாட்டான்."

ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் கூப்பிட்டு வேலை கொடுப்பதில்லை. ஆனாலும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கிற பெண்கள் சரிவில் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி இடுப்பில் சுற்றிய படங்குத் துணியை அவிழ்த்து உதறிக்கொண்டே இறங்கி வந்தாள். ஜீவராணியின் அம்மா இராக்கம்மா. மருமகனைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஷிப்னாவின் காலைப் பார்த்தாள்.

"பாப்பா, கால்ல அட்ட. ஆடாம நில்லு." சவர்க்காரத் துண்டை எடுத்துத் தேய்த்தாள். அட்டை சுருண்டு விழுந்தது. "இம்புட்டு ரத்தம் குடிக்கிற வரைக்கும் தெரியலியா? படிக்கிற புள்ளைகளுக்கு ரத்தம் ஊறிக்கிட்டே இருக்கும் போல."

"யாரோட அம்மான்னு இப்ப தெரியுதா சேர்" என்றான் ரஜீவ் மெதுவாக.

"என்னா மாப்புள முணுமுணுக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல அத்த."

லயத்து வரிசையில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் விறகுப் புகையும் ரொட்டி வாசமும் இருந்தன. ஜீவராணி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதங்கள் வீங்கியிருந்தன. மெலிந்த முகத்தில் கண்கள் மட்டும் பெரிதாக, நிலைகொள்ளாமல் இருந்தன. புருஷனை அவள் பார்க்கவில்லை. லப்டொப்பைத்தான் பார்த்தாள்.

"அதுக்குள்ளதான் இருக்கா?"

ஷிப்னா திறந்து காட்டினாள். ரதியின் எலும்புக்கூடு மார்பில் அடித்து விழுந்தது. ஜீவராணி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"உடம்பக் காணோம்" என்றாள் இராக்கம்மா எட்டிப்பார்த்து.

"உடம்பு பிறகுதான் போடுவோம் ஆன்ட்டி. இது அசைவு மட்டும்."

"காமனுக்கும் உடம்பு இல்லதானே. சிவன் எரிச்சிட்டு, ரதி கண்ணுக்கு மட்டும் தெரியிற மாதிரித்தான் உசிரக் குடுத்தாரு. அப்ப சரிதான்." அவள் ரொட்டிக் கல்லுக்குத் திரும்பிவிட்டாள்.

செய்தி அறிந்து பக்கத்துக் காம்பராக்காரர்கள் வாசலில் கூடினார்கள். கூத்துக்குத் தப்படிக்கும் பொன்னையா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ரஜீவுக்குச் சித்தப்பா முறை.

"வீரசிங்கத்துக்குப் போன் போட்டேன்" என்றார். வீரசிங்கம் ஜீவராணியின் அண்ணன், வருஷா வருஷம் காமனாக நிற்கிறவன். "கொழும்புக் கடையில லீவு குடுக்க மாட்டேங்கிறானாம். தீவாளி யாவாரமாம். முடிஞ்சாத்தான் வருவானாம்."

"வேற ஒருத்தர் படுத்தாப் போதுமே சித்தப்பா" என்றான் ரஜீவ்.

"யாரு படுக்குறது? ரதிக்கு மச்சான் மொறைக்காரன்தான் இந்தத் தோட்டத்துல காமனா நிப்பான். மச்சானுக பூராவும் கொழும்புல. இங்க இருக்குறது ஒன்னோட பெரியப்பன் மகனுகளும் என் மகனுகளும். பங்காளியப் புடிச்சு ஒனக்குப் புருசனாக்கச் சொல்றியா?"

வாசலில் சிரிப்பு எழுந்தது. "ரஜீவுக்குச் சம்மதம்னா எங்களுக்கென்ன" என்றது ஒரு குரல்.

"வாய மூடுங்கடா" என்றான் ரஜீவ். அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது. "தீவாளி வரைக்கும் இவ இங்க இருந்தா என்னாகும்?"

இராக்கம்மா றுஷாந்தனுக்கும் ஷிப்னாவுக்கும் தட்டில் ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்தாள். இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணியும் கொடுத்தாள். ஜீவராணி றுஷாந்தனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இந்தச் சேர் இருக்காரே" என்றாள்.

"சேர் வேதக்காரரு, சேர்ச்சுக்குப் போறவரு. அவருக்கும் நமக்கும் என்ன மொற?" என்றான் ரஜீவ்.

அவள் இத்தனை நேரத்துக்குப் பிறகு முதல்தடவையாகப் புருஷனைப் பார்த்தாள். "எனக்கு அண்ணன்னா ஒங்களுக்கு என்ன மொற?"

ரஜீவ் யோசித்தான். "மச்சான்."

"அவ்வளவுதானே." றுஷாந்தன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, தேத்தண்ணி ஆறுது. குடிங்க."

அவ்வளவுதான். பொன்னையா தலையை ஆட்டினார். இதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை என்பதுபோல் வாசலில் இருந்தவர்கள் தப்பைக் காய்ச்ச வைக்கோல் தேடிப் போனார்கள்.

றுஷாந்தன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஒண்டு சொல்லணும். என் மனைவி செத்துட்டா. போன வருசம். நான் படுக்கலாமா?"

'தவறிட்டாங்க' என்பார்கள் அவனோடு வேலை செய்கிறவர்கள். 'நித்தியத்துக்குள் போயிட்டாங்க' என்பார் பாதர். செத்துட்டா என்று அவன் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. ஷிப்னா தலையைக் குனிந்துகொண்டாள்.

ரொட்டிக் கல்லில் மாவு கருகியது. இராக்கம்மா அதைச் சுரண்டினாள்.

"படுக்குறதுக்கு யாரும் படுக்கலாம் அண்ணே. எந்திரிக்கணும். அது ஒங்களால முடியுமா? அதச் சொல்லுங்க" என்றாள் ஜீவராணி.

"முடியும்" என்றான். எழும்புவது ஓர் அசைவு. முழங்கை, இடுப்பு, முழங்கால். வகுப்பில் எத்தனையோ தடவை செய்து காட்டியிருக்கிறான்.

கூத்தாடும் காமன் பொட்டல் லயத்துக்குக் கீழே, கோவிலை ஒட்டி இருந்தது. புல் முளைத்து ஈரமாகக் கிடந்தது. மழை விட்டு மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ரஜீவ் ரதியின் சீலையைக் கட்டி, பொட்டு வைத்து வந்தான். ஓட்டோக்காரன் மீசையை மஞ்சளால் மறைத்திருந்தான். ஷிப்னா றுஷாந்தனுக்குப் பட்டிகளைக் கட்டினாள். இத்தனை வருடமாக அவன் பிறருக்குக் கட்டியது. தனக்குக் கட்டுவது இப்போதுதான். நெஞ்சுப் பட்டி இறுக்கமாக இருந்தது.

"கைய விரிச்சு நில்லுங்க சேர். அளவு எடுக்கணும்."

அவன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி அசையாமல் நின்றான்.

"சிலுவையில நிக்கிறாருடா" என்றான் ஒருவன்.

"வேதக்காரருன்னா அப்பிடித்தான் ஆரம்பிப்பாங்க போல" என்றார் பொன்னையா. "மூணாம் நாள் எந்திரிக்கிற கத அவங்களுக்கும் தெரிஞ்சதுதானே. நல்லதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். றுஷாந்தனுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கோவில் படியில் லப்டொப்பை வைத்து, ஷிப்னா குடை பிடித்தாள். பக்கத்தில் ஜீவராணியை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவள் பொட்டலைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தாள். அங்கே எரிந்தவன் அங்கேயே எழவேண்டும்.

றுஷாந்தன் படுத்தான். திரையில் எலும்புக்கூடு படுத்தது. இராக்கம்மா அவன் மேல் வெள்ளைச் சீலை ஒன்றை மூடினாள். தப்பு மெதுவாகத் தொடங்கியது. ரஜீவ் பாடினான். ஆய்வுகூடத்தில் பாடிய அதே குரல்தான். ஆனால் அங்கே அது சுவரில் மோதித் திரும்பியது. இங்கே மலைக்குள் போய் வரவேயில்லை.

சீலைக்குள் வெளிச்சம் வெள்ளையாக இருந்தது. முதுகு நனைந்தது. ஷிரோமி இறந்த அன்று ஆஸ்பத்திரி நடைவழி வாங்கில் உட்கார்ந்திருந்த அவன் தோளை ஒரு நர்ஸ் தொட்டு, "எழும்புங்க தம்பி" என்று சொன்னது ஞாபகம் வந்தது. சொன்னதுமே எழும்பிவிட்டான். எழும்பி, சவப்பெட்டிக்குச் சொல்லி, பாதருக்குச் சொல்லி, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு, அடுத்த கிழமை வகுப்புக்குப் போய்... அன்று எழும்பியதிலிருந்து அவன் உட்காரவே இல்லை. படுக்கவும் இல்லை. இப்போதுதான் படுத்திருக்கிறான்.

ரஜீவின் பாட்டு எழுப்பும் இடத்துக்கு வந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்தான். எழுந்திரு என்று பாடினான்.

றுஷாந்தன் எழவில்லை.

ரஜீவ் அந்த வரியைத் திரும்பப் பாடினான். பொன்னையா தப்பைத் தாழ்த்தி இன்னொரு சுற்று அடித்தார். முழங்கை, இடுப்பு, முழங்கால். எது முதலில் என்று றுஷாந்தனுக்கு மறந்துபோயிருந்தது.

"என்ன, அசைய மாட்டேங்குது?" என்றாள் ஜீவராணி. அவள் குரல் மாறியிருந்தது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சிக்னல் இருக்கு அக்கா. பாருங்க, நெஞ்சு அசையுது."

திரையில் விலாவெலும்புகள் மட்டும் ஏறி இறங்கின.

"மூச்சு விடுது" என்றாள் ஜீவராணி.

விலா ஏறியது, இறங்கியது. பிறகு துண்டு துண்டாகத் துடிக்கத் தொடங்கியது. ஷிப்னா திரைக்குக் குனிந்தாள்.

"சேர், நெஞ்சு சென்சர் ஆடுது! பட்டி கழண்டிருச்சா?"

"பட்டி இல்ல பாப்பா" என்றாள் ஜீவராணி. "அழுவுறாரு. விடு."

தப்பு நிற்கவில்லை. யாரும் கிட்டப் போகவில்லை. ரஜீவ் மட்டும் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, பாட்டை விட்டுவிட்டுப் பேச்சாகவே சொன்னான்: "மெதுவா வாங்க மச்சான். நாங்க இருக்கோம்."

பனி பொட்டலை மூடி, விலகி, மறுபடி மூடியது. ஜீவராணி எழுந்து படியின் ஓரத்துக்கு வந்தாள்.

"அண்ணே" என்று கூப்பிட்டாள். "எனக்குத் தல வலிக்குது அண்ணே. கீழ போவணும்."

சீலை அசைந்தது. அவன் முதலில் பக்கவாட்டில் புரண்டான். இடது கையை மண்ணில் ஊன்றினான். முழங்கால் வழுக்கி, மறுபடி ஊன்றி, முதுகு நிமிர எழுந்து நின்றான். தேவன் எழுவதுபோல் அது இல்லை. மலையில் விழுந்தவன் எழுவதுபோல் இருந்தது. திரையிலும் அப்படியே எழுந்தது. பொன்னையா முழுச் சத்தத்தில் அடித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். புதுக் கயிறு ஒன்றை இராக்கம்மா நீட்ட, றுஷாந்தன் அதை ரஜீவின் கழுத்தில் முடிந்தான்.

"சேர்..." என்றாள் ஷிப்னா தயங்கி. "எழும்புற இடம் கொஞ்சம் வழுக்கிருச்சு. இன்னொரு டேக் எடுப்போமா?"

"ஒருக்காத்தான் எந்திரிக்கணும்" என்றாள் ஜீவராணி. "அம்மா, என் செருப்ப எடு."

பட்டிகளை அவிழ்க்க நேரம் இல்லை. ரஜீவ் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓட்டோவைத் திருப்பி நிறுத்த முன்னால் ஓடினான். லப்டொப்பை மூடினால் பதிந்தது போய்விடுமோ என்ற பயத்தில், ஷிப்னா அதைத் திறந்தபடியே குடைக்குள் ஏந்திக்கொண்டு பின்னால் வந்தாள். றுஷாந்தன் ஜீவராணியின் முழங்கையைத் தாங்கி இறக்கினான். சவுக்கு மரத்தைச் சுற்றும் இடத்தில் அவள் வழுக்கினாள். அவன் பிடித்துக்கொண்டான்.

"நெசமாவே தல வலிக்குதா?"

"காலையில இருந்தே."

"ஏன் முன்னமே சொல்லல?"

"சொன்னா எரிஞ்சவன அப்பிடியே போட்டுட்டு எல்லாரும் என்னத் தூக்கிக்கிட்டு எறங்கிருப்பீங்களே."

ரதி ஓட்டோ ஓட்டினாள். பதுளை ரோட்டில் எதிரே வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்துச் சிரித்தான். ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த டொக்டர் முகத்தைச் சுளித்தார். இரண்டு மணித்தியாலம் பிந்தியிருந்தால் பேச்சு வேறு, வார்டில் நிறுத்துவோம், பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார். ரஜீவ் பொட்டு அழிந்த முகத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். காவலாளி இரண்டு தடவை வந்து அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனான்.

அந்த நடைவழி றுஷாந்தனுக்குத் தெரிந்ததுதான். அதே வாங்கு. அவன் அதில் உட்கார்ந்தான். கை மடியில் சும்மா கிடந்தது.

"சேர்" என்றாள் ஷிப்னா. "பதியுறத நிப்பாட்ட மறந்துட்டேன். இறங்கி வந்ததும் பைல்ல இருக்கு."

ஓடவிட்டுக் காட்டினாள். மலையும் இல்லை, மழையும் இல்லை, மரமும் இல்லை. வெறுமையில் ஓர் எலும்புக்கூடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. வலது கை சற்று விலகி, வளைந்து, எதையோ தாங்கியிருந்தது. ஓரிடத்தில் சட்டென்று நின்று, அந்தக் கையை இறுக்கி, பிறகு இன்னும் மெதுவாக நடந்தது.

"யாரத் தாங்கிக்கிட்டு வாறீங்கன்னு இதுல தெரியாது சேர். வெட்டிரவா?"

வார்டுக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் இருந்த ஜீவராணி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"அதுல நான் இருக்கேனா அண்ணே?"

"இல்ல."

"பரவால்ல" என்றாள் அவள். "கை இருக்கில்ல."

"வெட்ட வேணாம்" என்றான் றுஷாந்தன் ஷிப்னாவிடம்.